பழைய கிச்சன் கப்போர்டை மொத்தமா மாத்தணுமா? இடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

திருச்சி மாவட்டம் தொட்டியம், முசிறி பக்கம் காவிரிக் கரையோர ஊர்களில், பல பழைய வீட்டு அடுக்களையில் சுவரோடு பதித்த கடப்பா கல் தட்டுகளைப் பார்க்கலாம். மாடுலர் கிச்சன் ஆசை வந்ததும் முதலில் இடிபடுவது இதுதான். அவசரப்படாதீங்க. கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீரிலும் ஊறாது. முன்பக்கம் அலுமினிய ஃபிரேமோ பிவிசி கதவோ மாட்டினாலே புது லுக்தான்.

மரக் கப்போர்டு என்றால் சிங்க் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போச்சு. அதற்குப் பெயின்ட் அடிப்பது காசுக்குக் கேடு. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறி உப்பினால், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அதை மட்டும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட்டில் மாற்றலாம்.

பலகை நன்றாக இருந்தும் பெயின்ட் உரிகிறதா? பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே எனாமல். அடுப்பை ஒட்டி மட்டும் வினைல் ஸ்டிக்கர் வேண்டாம், சூட்டில் சுருண்டுவிடும்.

முக்கியமான விஷயம், சிலிண்டர். பார்க்க நல்லா இல்லைன்னு கதவு போட்டு முழுசா அடைத்துவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு வேண்டும் என்றால் தரையை ஒட்டியும் மேலேயும் காற்று போக இடைவெளி கட்டாயம். ஏற்கெனவே அடைத்தாச்சா? தச்சரைக் கூப்பிட்டு, கதவின் அடியில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். சிலிண்டரை வெளியே எடுத்துவிட்டு!