உஷார்! ஒஃபீலியாவின் கதையைக் ‘காதல் தோல்வி’ என்று முடித்துவிடாதீர்கள்

‘ஹாம்லெட்’ நாடகத்தைக் கையில் எடுக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். காதலன் ஹாம்லெட் உதறினான், பெண்ணுக்குச் சித்தம் கலங்கியது, ஓடையில் மூழ்கிச் செத்தாள் என்று யாராவது ஒரே மூச்சில் கதை சொன்னால் நம்பாதீர்கள். மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

முதல் வழுக்கல்: நான்காம் அங்கத்தில் அவள் பாடிக்கொண்டு வரும்போதுதான் எல்லாம் ஆரம்பம் என்று நினைப்பது. முதல் அங்கத்துக்குப் போங்கள். ஹாம்லெட்டின் அன்பைப் பற்றி என்ன நினைப்பதென்றே தெரியவில்லை என்கிறாள். நான் சொல்லித்தருகிறேன், உன்னைக் குழந்தையென்று நினைத்துக்கொள் என்கிறார் அப்பா பொலோனியஸ். இனி அவனோடு பேசக் கூடாது என்று தடையும் போடுகிறார். அவளுக்கு வந்த காதல் கடிதத்தை ராஜா ராணி முன்னால் வாசித்துக் காட்டுபவரும் அவரே. மூன்றாம் அங்கத்தில் அவளைத் தூண்டில் புழுவாக ஹாம்லெட் முன்னே விட்டுவிட்டு, ராஜாவும் அப்பாவும் ஒளிந்து நின்று கேட்கிறார்கள். வசவு முழுக்க அவளுக்கு. பிறகு அந்த அப்பாவே ஹாம்லெட் கையால் சாகிறார். உரிய மரியாதையின்றி ரகசியமாகப் புதைக்கிறார்கள். அண்ணன் லேயர்டீஸ் அப்போது ஊரில் இல்லை. யாரிடம் போய் அழுவாள்?

இரண்டாவது: அவள் பேச்சை உளறல் என்று தள்ளுவது. ஒரு பாட்டில் செத்துப்போன முதியவர். இன்னொன்றில் ஏமாற்றப்பட்ட பெண். பூக்களைப் பங்கிடும்போது, மனம் வருந்துதலுக்கு அடையாளமான அருவதாச் செடியைக் கொடுத்து, தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறாள். வயலெட் பூக்களோ அப்பா இறந்தபோதே வாடிவிட்டனவாம். எந்தப் பூ யாருக்கு என்று பிரதியில் மேடைக் குறிப்பு கிடையாது. படிப்பவர்தான் கவனிக்க வேண்டும். அரண்மனை அதை உளறலென்று விட்டுவிடவில்லை. அவள் சொல்வதைக் கேட்டு ஜனங்கள் எதையாவது ஊகித்துவிடுவார்களோ என்று அங்கே பயம். அவளைக் கண்காணிக்கச் சொல்கிறான் ராஜா கிளாடியஸ். கண்காணிப்பு இருந்தும் அவள் ஓடைக்குப் போய்விட்டாள்!

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து: அழகில் மயங்குவது. 1851–52இல் மில்லே தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் பூக்கள் சூழ மிதக்கிறாள். அதற்கு மாடலாகக் குளியல் தொட்டித் தண்ணீரில் கிடந்த எலிசபெத் சிடல், தண்ணீரைச் சூடாக வைக்க அடியில் வைத்த விளக்குகள் அணைந்து, குளிரில் நோயுற்றார். நாடகத்தில் அந்தச் சாவு மேடையில் நடப்பதே இல்லை. ராணி கெர்ட்ரூட் வந்து சொல்வதுதான். கிளை முறிந்தது, உடை விரிந்து மிதந்தது, பாடிக்கொண்டே இருந்தாள் என்கிறாள். இத்தனையையும் யாரோ பார்த்திருந்தால், ஏன் கை கொடுக்கவில்லை? ஐந்தாம் அங்கத்தில் குழி வெட்டுபவர்களுக்கே அது தற்கொலையா என்று சந்தேகம். தங்கையின் கலக்கத்தில் அண்ணனே அழகைக் காண்கிறான் என்றால், நாம் எந்த மூலைக்கு?

தேர்வுக்கு எழுதுபவர்களும் மேடையேற்றுபவர்களும் முதல் அங்கத்தின் 3ஆம் காட்சியையும் நான்காம் அங்கத்தின் 5ஆம் காட்சியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தெளிவாக இருந்தபோது அவளைப் பேச விடாதவர்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். ஹாம்லெட் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினால், பாதிக் குற்றவாளிகளைத் தப்பவிட்டீர்கள் என்று அர்த்தம்.