போனில் வந்து சேரும் அவமானம்

சேலம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் இப்போது போனிலும் நடக்கிறது. முந்தானையை விரித்துக் காட்டி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வெளியூர் ஆர்டர் வந்துவிடும். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் "போனையே தொடாதே" என்பது நடக்கிற பேச்சில்லை. அதே போன் ஒருவரை எவ்வளவு சீக்கிரம் ஒடித்துப்போடும் என்பதையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது.

2016 ஜூன்

இளம்பிள்ளை அருகே ஓர் இளம் பட்டதாரியின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. சில நாட்களிலேயே அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். போலீஸாரின் தாமதம் குறித்துக் கொந்தளிப்பு எழுந்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓர் இளைஞர் கைதானார். அன்று அப்படி ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது கைவேலை தெரிய வேண்டும். இன்று ஏ.ஐ. செயலி இருந்தால் போதும்.

தூக்கம்தான் முதலில் போகும்

தெருவில் ஒருவன் கேலி செய்தால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். போனில் வரும் அவமானமோ வீட்டுக்குள்ளேயே வருகிறது. யார் பார்த்தார்கள், யார் சேமித்து வைத்திருக்கிறார்கள், எதுவும் தெரியாது. பஸ்ஸில் எதிரே இருப்பவர் சிரித்தால்கூட 'பார்த்துட்டாங்களோ' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுராத்திரியில் எழுந்து படம் இன்னும் இருக்கிறதா என்று மனம் தேடச் சொல்லும். ஆபத்து தீரவில்லை என்று மனம் நினைக்கிறவரை உடம்பு உறங்காது. உறக்கம் கெடக் கெடப் பதற்றமும் மனச்சோர்வும் ஏறும். வளரிளம் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

தட்டில் போட்ட சோறு அப்படியே இருப்பது, மெசேஜ் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, வகுப்புக்கோ வேலைக்கோ போக மறுப்பது: இவற்றை "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை

"நீ எதுக்குப் போட்டோ போட்ட?" என்று தொடங்கும் வீட்டில் பிள்ளை அதற்கு மேல் வாய் திறக்காது. போனைப் பிடுங்கினால், ஆறுதல் சொல்லக்கூடிய தோழியும் சேர்ந்து போய்விடுகிறாள். "நாங்க இருக்கறோம் சாமி, நீ பயப்படாத" என்பதுதான் அந்த நேரத்து மருந்து. ஒருவனை நம்பிப் பிள்ளையே அனுப்பிய படமாக இருந்தாலும், அதைப் பரப்பியவன்தான் குற்றவாளி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாமதிக்காமல்

படத்தையும் அதன் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, படம் வந்த தளத்திலேயே புகார் செய்யுங்கள். இப்படிப்பட்ட படங்களை நீக்க, 2021-ல் வந்த மத்திய அரசின் விதிகள் நிறுவனங்களுக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. மாவட்ட சைபர் கிரைம் போலீஸ், 1930 என்ற எண், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் ஆகியவற்றையும் அணுகலாம். அந்தத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம்.

மனதுக்கு 14416, டெலி மானஸ் என்ற இலவச ஆலோசனை, தமிழிலும் உண்டு. நேரில் போக, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "இருந்து என்ன பண்றது" என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே இருங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆபத்தென்று தோன்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.