மாடியில பாட்டு... மெஸ்ஸுல வேட்டு!

ராத்திரி 9.10-க்கு ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போயிருக்கீங்களா? கவுன்ட்டர் மூட இன்னும் அஞ்சே நிமிஷம். சப்பாத்தி ட்ரேயில மாவுத்தூள்தான் மிச்சம். குருமா பாத்திரத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு வழிச்சுட்டிருப்பார் மெஸ் அண்ணன். அப்படி ஒரு ராத்திரி நான் அங்கே போட்ட ஆட்டத்தைத்தான் சொல்லப்போறேன். பெருமைக்கு இல்ல பாஸ்... பல்ப் வாங்கின கதை!

நான் கிறிஸ்தவப் பையன். ஈ.சி.இ. மூணாவது வருஷம். செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில பத்துப் பதினஞ்சு பேர் கூடி ஜெபம் பண்ணுவோம். கிட்டார், பாட்டு எல்லாம் அடியேன்தான். அன்னிக்கு டாபிக் ‘பரலோக சிந்தை’. அதாவது, மனசைக் கடவுள் இருக்கிற பக்கமா திருப்பி வெச்சுக்கிட்டு பூமியில வாழறது. சர்ச்சுக்குப் போற வீட்டுப் பசங்க, காணிக்கைப் பையில அஞ்சு ரூபாய் போடுற வயசுலயே கேட்டிருப்பாங்க இந்த வார்த்தையை.

கண்ணை மூடி உருகி உருகிப் பாடினேன். ரெண்டு ஜூனியர்ஸ் அழுதே விட்டாங்க. 9 மணிக்கு ஆமென் சொல்லிட்டு 9.10-க்கு மெஸ்ஸுக்கு வந்தா... சப்பாத்தி காலி!

‘‘காசு கட்டறவனுக்குச் சோறு இல்லேன்னா எதுக்குய்யா மெஸ் நடத்தறீங்க?’’ன்னு ஆரம்பிச்சேன். அந்த அண்ணனுக்கு எங்க அப்பா வயசிருக்கும். ‘ய்யா’ போட்டுப் பேசினதை இப்ப எழுதும்போதுகூட கூசுது. அவர் ஒண்ணும் பேசாம உள்ளே போனார். ரெண்டு சப்பாத்தியைத் தட்டுல வெச்சு எடுத்துட்டு வந்தார்.

‘‘மாடியில பாடினது நீங்கதானா தம்பி? இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்லாயிருந்துச்சு!’’

நக்கல் எல்லாம் இல்லீங்க. நிஜமாவே பாராட்டினார். அதைத்தான் தாங்க முடியலை. அந்த ரெண்டு சப்பாத்தி அவர் தனக்குன்னு எடுத்து வெச்சிருந்ததுன்னு மறுநாள்தான் தெரிஞ்சது.

என் ரூம்மேட் சாமி, கோயில்னு எதுக்கும் போகாத பார்ட்டி. விஷயத்தைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ‘‘மச்சி, உங்க சொர்க்கத்துக்குப் போற ரூட்டு மெஸ் வழியா போகாதா?’’

பதில் சொல்லத் தெரியலை. சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். மனுஷன் திட்டாம, சின்னதா ஒரு புக்கைக் கையில கொடுத்தார். அதுல இருந்தவரும் ஒரு மெஸ் அண்ணன்தான். என்ன... 17-ம் நூற்றாண்டு பாரீஸ் மெஸ்!

அவர் பேர் நிக்கோலா ஹெர்மான். பிரதர் லாரன்ஸ்னு சொன்னாத்தான் உலகத்துக்குத் தெரியும். பிரான்ஸ் பக்கம் லொரெய்ன்ல ஏழை வீட்டுப் பிள்ளை. பெரிய படிப்பு இல்லை. முப்பதாண்டுப் போர்ல சிப்பாயா போய், காயம்பட்டு, காலை விந்தி விந்தி நடக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஒரு வீட்டுல எடுபிடி வேலை. கையில கிடைச்சதை எல்லாம் போட்டு உடைக்கிற ஆளுன்னு அவரே தன்னைப் பத்திச் சொல்லியிருக்கார். 1640-ல பாரீஸ் கார்மேல் சபை மடத்துல சேர்ந்தார். குருப்பட்டம் எல்லாம் கிடையாது, சாதாரண சகோதரர். கொடுத்த போஸ்ட்டிங்... கிச்சன்!

இதுல காமெடி என்னன்னா, அவருக்குக் கிச்சன்னாலே ஆகாது. ஆனா அங்கேயே சுமார் 15 வருஷம் ஓட்டினார். சுத்தி நாலு பேர் நாலு விஷயத்தைக் கேட்டுக் கத்திட்டிருக்கிற சமையல்கட்டுல, முழங்கால் போட்டு ஜெபிக்கிற நேரத்துல இருக்கிற அதே அமைதியோட இருந்தாராம். சட்டியில முட்டை ஆம்லெட்டைத் திருப்பிப் போடறதைக்கூட கடவுளுக்காகச் செய்யறேன்னு நினைச்சுச் செய்வாராம். ஜெப நேரம் தனி, வேலை நேரம் தனின்னு அவர் கணக்குப் போடவே இல்லை. அப்புறம் செருப்புத் தைக்கிற வேலைக்கு மாத்தினாங்க. அதையும் அப்படியே செஞ்சார். 1691-ல இறந்தார். அவர் பேசினது, எழுதின லெட்டர்ஸ் எல்லாத்தையும் ஜோசஃப் டி போஃபோர்ங்கிற குருவானவர் தொகுத்ததாலதான் இன்னிக்கு நமக்குத் தெரியுது.

‘பிறவி ஞானி போல’ன்னு நினைச்சா... அதுவும் இல்லை. மடத்துக்கு வந்த ஆரம்பத்துல சுமார் 10 வருஷம், ‘நான் தேற மாட்டேன்’னு உள்ளுக்குள்ள செம போராட்டம். கடவுளை மறந்து ஏதாவது சொதப்பினா, ‘என்னை விட்டா நான் இப்படித்தான்’னு அவர்கிட்டயே ஒத்துக்கிட்டு, மூக்கைச் சிந்தாம வேலையைத் தொடர்ந்திடுவாராம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான். நாமதான் ஒரு தப்புக்கு ஒன்பது நாள் சோக கீதம் வாசிக்கிற கேஸாச்சே!

ஆதி சபையிலயும் இந்த மேலே-கீழே குழப்பம் இருந்திருக்கு. ‘இயேசு சீக்கிரம் திரும்பி வரப்போறார்’னு தெசலோனிக்கேயில சிலர் வேலைவெட்டி இல்லாம சுத்த ஆரம்பிச்சாங்க. ‘ஒழுங்கா வேலை செஞ்சு சாப்பிடுங்க’ன்னு பவுல் அவங்களுக்கு லெட்டரே போட்டார். அவரே கூடாரம் செய்யற தொழிலாளிதான்.

ஈ.சி.இ. பையனுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, டிஷ் ஆன்டெனா மேட்டர்தான். டிஷ் மூஞ்சி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற சாட்டிலைட்டைப் பார்த்துத்தான் இருக்கணும். கொஞ்சம் திரும்பினாலும் சிக்னல் அவுட். ஆனா படம் தெரிய வேண்டியது மாடியில இல்லையே, கீழே ஹால்லதானே! அன்னிக்கு ராத்திரி என் டிஷ் எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துச்சோ...

மிசோரம் ஆட்களுக்கு இந்த டவுட்டே வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். அங்கே கிறிஸ்தவப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வெச்சு சபைக்குக் கொடுக்கறாங்க. ‘புஹ்ஃபாய் தாம்’னு பேர். நூறு வருஷத்துக்கும் மேலா நடக்குது. காணிக்கையே அடுப்படியில இருந்துதான் கிளம்புது!

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த பிரதர் லாரன்ஸ் கதையை வெச்சு, ‘பாத்திரம் தேய்க்கிறதும் புனிதம்தான், வாயை மூடிட்டுத் தேய்ங்க’ன்னு எங்க மெஸ் அண்ணனுக்கு யாராவது கிளாஸ் எடுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும். லாரன்ஸ் தானா விரும்பி மடத்துக்குப் போனவர். எங்க அண்ணன் காலையில 4.30-க்கு எழுந்து ராத்திரி 10.30-க்குப் படுக்கிறது வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்கறதால. சப்பாத்தி காலியானதுக்குக் காரணமும் அவர் இல்லை. அன்னிக்கு மாவு குறைச்சலா வந்திருக்கு, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் காலையில போய் ‘‘சாரிண்ணே’’ன்னேன். ‘‘எதுக்குத் தம்பி?’’ன்னார். மறந்துட்டாரா, மறந்த மாதிரி நடிச்சாரா... இன்னிக்கு வரை தெரியலை.

இப்போ செவ்வாய்க்கிழமை ஜெபத்தை 8.30-க்கே முடிச்சிடறோம். முடிச்சதும் நாங்க நாலு பேர் மெஸ்ஸுக்குள்ள போய் மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சுக் கொடுக்கறோம். அண்ணன் மூணு கிலோ முடிக்கிறதுக்குள்ள நான் அரை கிலோ தாண்டினா அதிசயம். நடுவுல ஒருநாள் உப்பு இல்லாத உப்புமாவுக்காக மறுபடி கத்திட்டேன். போன வாரம் கண்ணுல தண்ணி வடிய உரிச்சுட்டு இருந்தப்போ அண்ணன் கேட்டார்... ‘‘அன்னிக்கு மாடியில பாடினீங்களே தம்பி, அதைக் கொஞ்சம் பாடுங்களேன்!’’

மூக்கை உறிஞ்சிக்கிட்டே பாடினேன். சுருதி சுத்தமா சேரலை!