திருச்சி ஒரு சரக்கு விமான மையம் ஆகுமா?



'கார்கோ ஹப்', 'கார்கோ ஹப்' என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அப்படின்னா என்ன? நம்ம தாம்பரத்தையே எடுத்துக்குங்க. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன் தூரத்து ஊர் எதுக்குப் போறதா இருந்தாலும் முதலில் தாம்பரம். அங்கே இறங்கி வேறு பஸ், இல்லாவிட்டால் ரயில். மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் குடம் மாதிரி! 1973-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனி இதைத்தான் செய்தது. பல ஊர்ப் பார்சல்களும் இரவில் அங்கே வந்து இறங்கும். பிரித்து, விடிவதற்குள் வேறு விமானங்களில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

நம் மாநிலத்தில் திருச்சி அப்படி ஆகுமா? இந்தக் கேள்வி எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. அரவக்குறிச்சி பக்கம் என் பெரியப்பா முருங்கை போட்டிருக்கிறார். காய் திருச்சி வழியாக சிங்கப்பூர் போகிறது. ஆனால் சில நாள், "இன்னிக்கு பிளைட்ல இடமில்லீங்க" என்று வியாபாரி பாதியைத் திருப்பி விடுவாராம். பறித்த காய் மறுநாள் வரை அப்படியே இருக்குமா?

ஏன் இடமில்லை? திருச்சியிலிருந்து காய்கறி போவது பயணிகள் விமானத்தின் வயிற்றில். அதில் முதல் உரிமை பயணிகளின் பெட்டிகளுக்கு. மீதி இடத்தில்தான் சரக்கு. அதுவும் சில டன்தான். போயிங் 777 சரக்கு விமானம் ஒன்றே சுமார் 100 டன் தூக்கும். அது ஏன் திருச்சிக்கு வரலை?

முதல் காரணம் ஓடுபாதை. சென்னையின் பெரிய ஓடுபாதை சுமார் 3,660 மீட்டர். திருச்சியில் சுமார் 2,480 மீட்டர்தான். நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்ததை நினைத்துப் பாருங்கள். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.22 கிலோ. 40 டிகிரி வெயிலில் சுமார் 1.13 கிலோ. காற்று லேசானால் இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜின் இழுப்பும் குறையும். அதிக வேகம் எடுத்தால்தான் மேலே எழும்பலாம். அதற்கு அதிக தூரம் ஓட வேண்டும். பாதை நீளம் போதாவிட்டால் ஒரே வழி, சுமையைக் குறைப்பது. அரை லோடுக்கு எந்தக் கம்பெனி பெரிய விமானம் அனுப்பும்?

சரி, ஓடுபாதையை நீட்டினால் போதுமா? போதாது! இலங்கையில் மத்தல விமான நிலையம் 2013-ல் 3,500 மீட்டர் ஓடுபாதையோடு திறக்கப்பட்டது. விமானங்கள் வரவில்லை. கடைசியில் சரக்குக் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கிய கூத்தும் நடந்தது.

இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. லாரிக்காரர்கள் 'ரிட்டன் லோடு' என்பார்களே, அதுதான். போகும்போது முருங்கை சரி, வரும்போது என்ன? சென்னைக்கு இந்தக் கவலை குறைவு. ஸ்ரீபெரும்புதூர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் வருகிறது, செய்த பொருள் போகிறது.

திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தாச்சு. பயணிகளுக்கு நல்லதுதான். ஆனால் பளபளப்பான கட்டடம் சரக்கை இழுக்காது. என் யோசனை இதுதான்: முதலில் காய்கறிக்கும் பூவுக்கும் போதுமான குளிர்சாதனக் கிடங்கும் தாமதமில்லாத கஸ்டம்ஸ் பரிசோதனையும் வேண்டும். அடுத்து திண்டுக்கல் பூ, கரூர் ஜவுளி, திருச்சி இன்ஜினியரிங் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். கூடவே ஓடுபாதையும் நீள வேண்டும்; அதற்கு நிலம் கொடுப்பவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். தினமும் சரக்கு சேரும் என்று கணக்கு காட்டினால் விமானக் கம்பெனி தானே தேடி வரும்.

நண்பர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. ஓடுபாதைக்கு சிவில், குளிர்க் கிடங்குக்கு மெக்கானிக்கல், எக்ஸ்ரே சோதனைக் கருவிக்கு எலெக்ட்ரானிக்ஸ்... எல்லா டிப்ளமோக்காரனுக்கும் அங்கே வேலை இருக்கு. பெரியப்பாவின் முருங்கைக்கு இடம் கிடைக்கிற அன்றைக்கு நமக்கும் கிடைக்கும்!