எழுத்து விளையாட்டும் என் நண்பனின் செவியும்

கணினி விளையாட்டு என்றதும் வண்ணப் படங்களே நம் கண்முன் தோன்றும். ஆனால், படம் ஏதுமின்றி எழுத்துகளால் மட்டுமே நடைபெறும் விளையாட்டுகளும் உள்ளன. பலர் இணையம்வழி ஒரே நேரத்தில் கூடி விளையாடும் இவ்வகையை 'மட்' என்பார்கள். 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்ததே முதல் 'மட்'. பின்னர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'டிக்குமட்' 1991இல் வெளிவந்தது. அதன் வழிவந்த விளையாட்டுகள் இன்றும் உள்ளன. ஆக, இது நம்மைப் போன்ற மாணவர்கள் வளர்த்த கலை எனலாம்.

பார்வையற்ற என் நண்பன் ஒருவன் இவ்விளையாட்டை விரும்பி ஆடுபவன். திரையில் வரும் எழுத்தை ஒரு மென்பொருள் அவனுக்கு வாசித்துக் காட்டும். சண்டை மூண்டால்தான் சிக்கல். வரிகள் மழையெனக் கொட்டும். குரல் பழைய வரிகளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வீரன் மாண்டுபோவான். "இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டான். அப்போதுதான் 'மஷ்கிளையண்ட்' எனும் மென்பொருளை ஆராயத் தொடங்கினேன். நிக் கேமன் என்பவர் உருவாக்கிய இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

முதலில் ஓர் அடிப்படையை அறிந்துகொள்வோம். விளையாட்டின் உலகம் தொலைவிலுள்ள சேவைக் கணினியில் இருக்கிறது. அது வரிகளை மட்டுமே அனுப்புகிறது. அவற்றை எப்படிக் காட்டுவது என்பதை நம் கணினியிலுள்ள மென்பொருள் முடிவு செய்கிறது. எனவே, நாம் செய்யும் மாற்றம் விளையாட்டை மாற்றாது. நமக்கு வந்துசேரும் விதத்தையே மாற்றும்.

இதற்கு மூன்று வழிகள் உதவின. முதலாவது, குறுக்குக் கட்டளை. வீழ்ந்த பகைவனிடமுள்ள பொருள்களை எடுக்க, 'கெட் ஆல் கார்ப்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டவேண்டும். இடைவெளியுடன் அது 14 தட்டுகள். அதையே இரண்டு எழுத்தாக அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தூண்டி. குறிப்பிட்ட சொற்கள் வந்தவுடன் வரியின் நிறத்தை மாற்றவோ ஓர் ஒலியை எழுப்பவோ இதற்குக் கட்டளையிடலாம். எனக்குச் சிவப்பு நிறம் போதும். அவனுக்கு மணியோசை வேண்டும். மூன்றாவது, தேவையற்ற வரியைத் திரைக்கு வராமல் நீக்குவது. தூண்டியின் அமைப்பிலேயே இதற்கும் இடமுண்டு.

நான் உற்சாகத்தில் அளவுமீறினேன். யாரேனும் அறைக்குள் வந்தால், 'இன்னார் வந்தார்' என்ற வரி வரும். சந்தைப் பகுதியில் இது ஓயாது வரும். பெயர் இருக்கும் இடத்தில் உடுக்குறியை இட்டு, அத்தகைய வரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். உடுக்குறி எந்தப் பெயருக்கும் பொருந்தும் என்பதை மறந்துபோனேன். அன்றிரவு பகைவன் வந்த வரியும் சேர்ந்து மறைந்தது. நண்பனின் வீரன் காரணம் தெரியாமலேயே மாண்டான்.

"சத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால், எதை நீக்கலாம் என்று என்னிடம் கேட்டாயா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. என் கண்ணுக்குத் தொல்லையாக இருந்ததை அவன் செவிக்கும் தொல்லை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்தமர்ந்தோம். அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். காவலர், வணிகர் வருகையை மட்டும் பெயர் குறித்து நீக்கினோம். மற்றவர் வந்தால் மணி ஒலிக்கும். உயிர்நிலை குறைந்தால் வேறோர் ஒலி. மாற்றம் ஒவ்வொன்றையும் உடனே சோதித்துப் பார்த்தோம்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். ஒரே நாளில் பத்துத் தூண்டிகளை அமைக்காதீர்கள். ஒன்றை அமைத்துச் சோதித்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஆளில்லாமல் கணினியே ஆடும்படி அமைப்பதைப் பல விளையாட்டுகள் தடை செய்கின்றன. விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். பிறருக்காக அமைப்பதாயின், அவரை அருகில் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். என் நண்பன் இப்போது என்னைவிட நன்றாக ஆடுகிறான்.