சிக்னல் இல்லாத மலையில் வழி சொல்வது யார்?

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற ஏற, போனில் சிக்னல் குறைந்துகொண்டே வரும். காட்டுக்குள் பல இடங்களில் அடியோடு இருக்காது. பாட்டு நின்றுவிடும், பாட்டிக்குப் போன் போகாது. அப்போது மேப்பைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி மட்டும் வண்டியோடு சேர்ந்து வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் அதைச் சுற்றிச் சாலை தெரியாமல் வெறும் சாம்பல் நிறமாகவும் இருக்கலாம்.

புள்ளி இருக்கிறது, சாலை இல்லை. எப்படி?

இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. சாலைப் படம் வருவது செல்போன் கோபுரம் வழியாக, இணையத்திலிருந்து. புள்ளியைக் கொடுப்பது வானம்!

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக் கடிகாரம் உண்டு. 'நான் இருப்பது இங்கே, இப்போது நேரம் இது' என்று அவை ரேடியோ அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் கேட்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. உங்கள் போன் பதிலும் சொல்வதில்லை, கேட்டுக்கொள்வதோடு சரி. நம் இஸ்ரோவின் 'நாவிக்' செயற்கைக்கோள்களும் இதே வேலையைச் செய்பவைதான். அவற்றில் முதலாவது 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெட்டியிருக்கிறது. உங்கள் போன் போடும் கணக்கும் இதேதான். ஆனால் ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து தரைக்கு வர, ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். அதனால் நேரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். மலைச்சாலையில் 300 மீட்டர் என்றால் புள்ளி பள்ளத்தாக்கில் போய் நிற்கும்!

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் பிடிபட்டுவிடும். ஆனாலும் போன் நான்காவதைத் தேடும். ஏனென்றால் போனில் இருப்பது அணுக் கடிகாரம் இல்லை. அந்தச் சாதாரணக் கடிகாரத்தின் பிசகைக் கண்டுபிடிக்க நான்காவது வேண்டும். இதில் ஐன்ஸ்டைனுக்கும் பங்கு உண்டு. அவருடைய சார்பியல் கொள்கைப்படி, மேலே உள்ள கடிகாரம் நம்முடையதைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதனால் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி முன்கூட்டியே திருத்தி வைத்துத்தான் அதை மேலே அனுப்புகிறார்கள்.

நம்பாதவர்கள் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுப் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வைஃபையும் வேண்டாம், லொகேஷன் மட்டும் ஆனில் இருக்கட்டும். மொட்டை மாடிக்குப் போய் மேப்பைத் திறங்கள். புள்ளி வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். இணையம் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் சட்டென்று கிடைத்துவிடும். இல்லாவிட்டால் அதையும் வானத்திலிருந்து வரும் அலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மிக மெதுவாக வரும், அரை நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

சரி, சாலைப் படத்துக்கு என்ன வழி? கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூகுள் மேப்ஸில் 'ஆஃப்லைன் மேப்ஸ்' என்ற வசதி இருக்கிறது. ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி இதற்கென்றே உருவானது. படம் கைவசம் இருந்தால் வழியையும் போனே கண்டுபிடித்துவிடும். பல சாலைகளில் எது குறுக்குவழி என்று கண்டறியும் ஒரு முறையை நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்தார். மனைவியாகப் போகிறவரோடு கடைவீதி சுற்றிவிட்டு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது இருபது நிமிடத்தில் வந்த யோசனை அது. பேனா, காகிதம்கூட அவர் கையில் இல்லை. அந்தக் கணக்குக்கு இணையம் எதற்கு?

ஒரு விஷயம் மட்டும் கவனம். நேற்று இறக்கிய படத்துக்கு இன்று காலை சரிந்த மண் தெரியாது. வனத்துறைச் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் அது சொல்லும் என்று நம்ப முடியாது. அதையெல்லாம் அடிவாரத்து டீக்கடையில் விசாரித்துவிட்டு ஏறும்படி வண்டி ஓட்டுபவரிடம் சொல்லுங்கள்.