ஆமைக்குஞ்சும் மொட்டைமாடி விளக்கும்

குழந்தைகளே, பிறந்த அன்றைக்கே அம்மாவின் துணை இல்லாமல், இருட்டில் தானாகவே வழி கண்டுபிடித்துக் கடலுக்குப் போகவேண்டிய ஓர் உயிர் நம் கடற்கரையில் இருக்கிறது. சென்னையில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நீங்கள் சாயங்காலம் ஓடி விளையாடுகிற அதே மணலில்தான் அது பிறக்கிறது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்திலும் பிறக்கிறது. விஞ்ஞானிகள் அதை ஆலிவ் ரிட்லி என்பார்கள். நம்மூரில் பங்குனி ஆமை.

ஜனவரி பிறந்தால் தாய் ஆமைகள் கரையேறத் தொடங்கும். மார்ச், ஏப்ரல் வரை வரும். ஏறக்குறைய நாற்பது கிலோ எடை. தண்ணீரில் லாகவமாக நீந்துகிற அந்த உடம்பு மணலில் திணறித் திணறித்தான் நகரும். அலை எட்டாத இடமாகப் பார்த்து, பின்துடுப்பு இரண்டையும் மாற்றி மாற்றி உள்ளே விட்டு, மணலை அள்ளி அள்ளி வெளியே போடும். முடிவில் ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற குடம் போல ஒரு குழி கிடைத்துவிடும். இத்தனைக்கும் குழி தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், அதை அந்த ஆமை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை! அதில் நூறு முட்டைக்கு மேல் இடும். மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மறுபடி வந்து பார்க்காது.

அதன் பிறகு முட்டைகளைப் பார்த்துக்கொள்வது மணலின் சூடுதான். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மணல் சற்றுக் கூடுதல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள்.

முட்டையைக் கிழிப்பதற்கென்றே குஞ்சின் மூக்கு நுனியில் ஒரு குட்டி முள் இருக்கும். சில நாளில் அது உதிர்ந்துவிடும். ஒரு குஞ்சு அசைந்தால் பக்கத்தில் இருப்பதும் அசையும். எல்லாமாகச் சேர்ந்து மேலே உள்ள மணலைச் சரித்துச் சரித்துக் கீழே தள்ளி, அதன்மேல் ஏறி ஏறி வரும். வெயில் நேரத்தில் மேல் மணல் சுடும். ஆகவே உள்ளேயே காத்திருந்து, மணல் குளிர்ந்த பிறகு, இரவில்தான் வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், கருஞ்சாம்பல் நிறம்.

இப்போது அதற்கு ஒரே ஒரு கேள்வி: கடல் எந்தப் பக்கம்?

சொல்லித்தர யாருமில்லை. எங்கே அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போ என்பது அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிலவும் நட்சத்திரமும் பட்டுக் கடற்பரப்பு மெல்ல ஒளிரும். கரைப்பக்கம் மணல்மேடும் செடிகொடியும் மறைத்து இருட்டாக இருக்கும். மின்விளக்கு வருவதற்கு முந்தைய லட்சக்கணக்கான ஆண்டுகளில் இந்த அடையாளம் பெரும்பாலும் தப்பவில்லை.

நாம் வந்து கரையோரம் வீடு கட்டினோம். சாலை போட்டு, உயர்கோபுர விளக்கு நட்டோம். மொட்டைமாடியில் விடியவிடிய எரியும் பல்பு ஒன்று மாட்டினோம். இன்றைக்குக் கடலைவிட நம் தெருதான் பளிச்சென்று இருக்கிறது. குஞ்சு என்ன செய்யும்? தெருவைப் பார்த்து நடக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் கொஞ்சம் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. ஆழ்கடல் போய்ச் சேரும்வரை நீந்தும் தெம்பு அதிலிருந்துதான் வரவேண்டும். அது தப்பான திசையில் நடந்தே தீர்ந்துபோகிறது. காலையில் காக்கையும் நாயும் காத்திருக்கும். சாலைவரை போனவை சக்கரத்தில் மாட்டும்.

சென்னையில் 1988இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆமைப் பருவத்தில் அவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடக்கிறார்கள். மணலில் துடுப்புத் தடம் தெரிந்தால் அதைத் தொடர்ந்து போய்க் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைக் குலுங்காமல் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் புதைக்கிறார்கள். குஞ்சுகள் வந்ததும் நீரருகே மணலில் விடுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இப்படி முட்டையை இடம் மாற்ற வேண்டிய நிலை வந்ததற்கு நம் வெளிச்சமும் நாம் விட்டுவரும் குப்பையும் ஒரு காரணம். அவை குறைந்தால் தாய் தேர்ந்தெடுத்த இடத்திலேயே முட்டை இருக்க வாய்ப்பு கூடும்.

அதற்கு நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் வீடோ பாட்டி வீடோ கடலோரம் இருந்தால், ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்கை இரவில் அணைத்துவிடச் சொல்லுங்கள். அணைக்கவே முடியாதென்றால் வெள்ளை எல்.இ.டி.யை மாற்றி மங்கலான மஞ்சள் பல்பு போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி ஒரு மூடி மாட்டலாம். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் ஆமைக்கண்ணை மிக அதிகமாக இழுக்கும். ஜன்னலுக்குத் திரை போட்டாலும் உதவிதான்.

கடற்கரையில் மணல்கோட்டை கட்டிக் குழி தோண்டினீர்களா? கிளம்பும்முன் அதை மூடிவிடுங்கள். நம் முழங்கால் அளவுக் குழி, நாலு சென்டிமீட்டர்க் குஞ்சுக்கு ஏற முடியாத கிணறு. சாப்பிட்டு மிஞ்சிய பஜ்ஜியையும் சுண்டலையும் மணலில் போட்டுவிட்டு வராதீர்கள். அதைத் தின்ன வரும் நாய்கள்தான் ராத்திரியில் முட்டைக் குழியைத் தோண்டுகின்றன.

'எங்கள் ஊரில் கடலே இல்லையே' என்பவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒளி ஊடுருவும் கேரிபேக் ஒன்றை உள்ளே அமிழ்த்தி, மெதுவாகத் தண்ணீரை அசையுங்கள். பை விரிந்து, சுருங்கி, மிதந்து நகரும். கடலில் ஜெல்லி மீனும் அப்படியேதான் நகரும், ஜெல்லி மீன் ஆமைக்குச் சாப்பாடு. பார்வை மட்டும் ஏமாற்றுவதில்லை. கடலில் நாள்பட்டுப் பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனையே உணவு வாசனை போல ஆமைகளை இழுக்கிறது என்று பெருந்தலை ஆமைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. விழுங்கியதைத் துப்பவும் முடியாது. கடலாமையின் தொண்டைக்குள் வயிற்றைப் பார்த்தபடி வரிசை வரிசையாக முட்கள் இருக்கின்றன. வழுக்கும் இரை நழுவாமல் இருக்க இயற்கை தந்த ஏற்பாடு. பையையும் அது அதே உறுதியோடு உள்ளே தள்ளிவிடுகிறது.

உங்கள் தெருவில் பறக்கும் பை மழையில் வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து ஆறு, பிறகு கடல். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப்பையைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வளர்ந்த ஆமைகள் அதிகம் சாவது வலையில். ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கடியிலேயே கிடந்தால் மூச்சடைத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மீன் உள்ளே தங்க, ஆமை மட்டும் வெளியேறும்படி வலையில் பொருத்தும் கம்பித் தடுப்பும் இருக்கிறது. இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவருவது பெரியவர்கள் பொறுப்பு. நீங்கள் ஏன் என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடலை அடையும் ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்களின் தோராயக் கணக்கு. அந்த ஒன்று, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தான் பிறந்த கரைப்பக்கமே முட்டையிட வரும். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கரையில் வழிதவறிய குஞ்சைப் பார்த்தால் வாளித் தண்ணீரில் போடாதீர்கள். நீந்தி நீந்தி இருக்கும் தெம்பையும் அங்கேயே இழந்துவிடும். டார்ச், கேமரா வெளிச்சம் எதுவும் அடிக்க வேண்டாம். நாயையும் கூட்டத்தையும் விலக்கி நின்றுகொண்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லும்படி பெரியவர் ஒருவரை உடனே அழையுங்கள்.